முதல் மூன்று மாதங்கள்

கருவுற்ற செய்தியை மூன்று மாதம் முடியுமுன் வெளியே சொல்லலாகாது என்பது நம் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். கண்ணேறு பட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவர். கரு நிலைக்குமோ, நிலைக்காதோ என்று சிலர் தயங்குவர். சொன்னபின் கலைந்துவிட்டால் ஊரார் வாயில் விழ வேண்டிவருமே என்று சிலர் கலங்குவர். இவ்வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. ஓர் இளம்பெண்ணை ஊர்ப்பேச்சிலிருந்து காக்கும் அக்கறை அதனுள் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்த வழக்கம் பிறந்த வீட்டை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வீட்டில் பாட்டி ஒருத்தி இருந்தாள். மருமகள் காலையில் எழுந்து வரும் முகத்தைக் கண்டே செய்தியை அறிந்துகொள்வாள். மாமியார், நாத்தனார், மூத்த ஓரகத்தி என்று பலர் வாய் திறவாமலே கவனித்துக்கொள்வர். பளுவான குடம் கையிலிருந்து வாங்கப்படும். தட்டில் ஒரு கைப்பிடி கீரை கூடுதலாக விழும். ஊருக்குத்தான் அது மறைவே அன்றி, வீட்டுக்கு அது மறைவன்று. அந்த வீடு இன்று அத்திப்பட்டில் இல்லை. வழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

எண்ணூரைக் கடந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் புறநகர் இரயிலில் அமர்ந்து சன்னல் வழியே பார்ப்பவருக்கு நமது பகுதியின் முகம் தெரியும். ஒருபுறம் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழி. அதற்கப்பால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். துறைமுகத்தை நோக்கி வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகள். நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டிகள். அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர் என்னும் இரு நிலையங்களிலும் காலையும் மாலையும் இறங்கி ஏறுவோரில் பலர் இவ்வூரில் பிறந்தவர் அல்லர். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தென்மாவட்டங்கள், அதற்கும் மேலாக ஒடிசா, பீகார் என்று பல திசைகளிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள். ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை வீடுகளில் புதிதாக மணமுடித்த இருவர் குடியிருப்பர். அவன் ஒப்பந்தத் தொழிலாளி. அவளும் பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலையில் இருப்பாள். தாய் வீடு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அம்மாவின் குரல் அலைபேசியில்.

அத்தகைய ஓர் இளைஞன் ஒரு ஞாயிறு மாலை நம்மைத் தேடி வந்தான். சபைப் பதிவேட்டில் பெயர் சேர்த்து ஓராண்டுகூட ஆகவில்லை. நெடுநேரம் கோயில் வாசலில் நின்றவன், யாரும் இல்லாத வேளை பார்த்து அருகில் வந்தான்.

"ஃபாதர், வீட்ல நாள் தள்ளிப் போயிருக்கு. மெடிக்கல்ல கார்டு வாங்கிப் பார்த்தோம். ரெண்டு கோடு வந்திருக்கு. அடுத்து என்ன செய்யணும்னு தெரியல."

"ஊருக்குச் சொன்னீர்களா, தம்பி?"

"சொன்னோம் ஃபாதர். மூணு மாசம் முடியட்டும், யார்கிட்டயும் சொல்லாதீங்க, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு அம்மா சொல்றாங்க. ஐந்தாம் மாசம் ஊருக்கு வந்துட்டா அங்கேயே காட்டிக்கலாமாம்."

மனைவியோ மக்களோ இல்லாத ஒரு குருவிடம் இக்கேள்வி வந்து சேர்ந்ததே இவ்விளைஞர்களின் தனிமைக்குப் போதிய சான்று. நமது அன்பியத்தில் மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு சகோதரி உண்டு. சுற்றுப்புறத்தார் அனைவருக்கும் அவர் அக்கா. அவரை அழைத்தோம். அவர் அந்த இளைஞனிடம் கேட்ட முதற்கேள்வி, "கடைசியா தலைக்குக் குளிச்ச தேதி அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கா?" என்பதுதான். அந்தத் தேதியிலிருந்தே மருத்துவர் வாரங்களை எண்ணுவர் என்பதும், நினைவிருக்கும்போதே அதைக் குறித்துவைக்க வேண்டும் என்பதும் நமக்கு அன்று புதிய செய்தி.

மறுநாளே அவர் அப்பெண்ணைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துச் சென்றார். எங்கே பதிவது என்பதுதான் பல குடும்பங்களைத் தடுக்கும் முதல் ஐயம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு; ஆகவே பதிவும் அங்கேதான் என்று எண்ணிக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. இப்போது எங்கே வசிக்கிறாளோ அங்கேயே பதியலாம். கர்ப்பிணிக்கு வழங்கப்படும் எண் அவளோடு செல்லும். ஏழாம் மாதம் ஊருக்குப் போனாலும் அங்குள்ள செவிலியர் அதே எண்ணில் தொடர்வார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். ஆதார் அட்டையும், அவள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகமும் கையில் இருந்தால் வேலை எளிது.

வங்கிக் கணக்கு எதற்கென்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்திற்காக. இந்தியச் சட்டமன்ற வரலாற்றில் முதற்பெண்மணியாக விளங்கிய அம்மருத்துவரின் பெயரால் 1987-இல் தமிழக அரசு தொடங்கிய இத்திட்டத்தில், 2018 முதல் ரொக்கமாக 14,000 ரூபாயும், 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் ஏழைத் தாய்மாருக்குத் தவணைகளாக வழங்கப்படுகின்றன. அதற்குப் பன்னிரண்டு வாரத்திற்குள் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் மௌனமாயிருப்போர் இழப்பது பணத்தை மட்டும் அன்று எனினும், பணத்தையும் இழக்கிறார்கள்.

பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குரிய நாள். அன்று எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்தனர். இரத்தமும் சிறுநீரும் எடுத்தனர். "இத்தனை சோதனை எதுக்கு அக்கா, நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று அப்பெண் கேட்டாளாம். நியாயமான கேள்வியே. இரத்த வகை தெரிந்தால், தாய்க்கு நெகட்டிவ் வகையாக இருக்குமிடத்து, குழந்தையைத் தாக்காதபடி உரிய காலத்தில் ஊசி போட முடியும். சில தொற்றுகள் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லாமல் தொடக்கத்திலேயே மருந்தால் தடுக்க முடியும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் எளிய முறைக்காக வாதாடி, அதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியதாக்க உழைத்தவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. வெறும் வயிற்றில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், தொலைவிலிருந்து பேருந்தில் வரும் ஏழைப் பெண்ணையும் அன்றே சோதித்துவிட முடிகிறது. உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றும்போதே இவற்றை அறிய வேண்டும். தோன்றாத நோயைத்தான் இவை தேடுகின்றன.

அன்று அவள் கையில் கொடுக்கப்பட்டது ஃபோலிக் அமில மாத்திரை. கடுகினும் சற்றே பெரிதான அந்த மாத்திரைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அந்நகரின் நெசவாலைகளில் உழைத்த பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகையால் மாண்டுகொண்டிருந்ததன் காரணத்தை ஆராய்வதே அவர் பணி. அவர்களுடைய ஏழ்மையான உணவையே அவர் கூர்ந்து நோக்கினார். குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனையாக உள்ள கோஷா மருத்துவமனையிலும்கூட அவர் பணியாற்றினார். ஈஸ்டிலிருந்து செய்த மலிவான 'மார்மைட்' அந்நோயைக் குணப்படுத்துவதை 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து இன்னதென்று அப்போது தெரியவில்லை. 1941-இல் அது கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை, அதனால் அப்பெயர். அரை நூற்றாண்டு கழித்து, 1991-இல், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பல நாடுகளில் நடத்திய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முதுகுத்தண்டு மூடாமல் குழந்தை பிறக்கும் குறையை ஒருமுறை கண்ட தாய்மார்க்கு, அது மீண்டும் நேராமல் இச்சத்து 72 விழுக்காடு தடுத்தது.

ஆலைப் பெண்களின் துயரத்திலிருந்து பிறந்த அம்மாத்திரை இன்று ஆலைப் பகுதியில் வாழும் நம் பெண்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஒரு காலம் உண்டு. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான குழல், கருத்தரித்த ஏறத்தாழ 28 நாள்களில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது, அதாவது கணவனிடம் மட்டும் சொல்லியிருக்கும் நிலையில், அந்த வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே அம்மாத்திரையைத் தொடங்கி, பன்னிரண்டு வாரம்வரை உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மூன்றாம் மாதம் முடிந்து வருகிறவருக்கு மருத்துவர் மாத்திரை தரலாம். கடந்துபோன நாள்களைத் தர முடியாது.

அப்பெண்ணின் இரத்தச் சோதனை முடிவு வந்தபோது ஹீமோகுளோபின் 8.4 என்றிருந்தது. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. காலை உணவு ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். "மயக்கமா வரும் அக்கா, எல்லாருக்கும் வர்றதுதானேன்னு நெனச்சேன்" என்றாள். கருவுற்றதனால் வந்த களைப்பு என்று எண்ணப்பட்டது, அதற்கு நெடுநாள் முன்னரே தொடங்கிய சோகை.

அத்திப்பட்டின் கோடையை அறிந்தவர்க்கு வேறொரு கவலையும் தோன்றும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2024-இல் தம் முடிவை வெளியிட்டனர். கடும் வெப்பத்தில் உழைத்த பெண்களுக்குக் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு மற்றவரைவிட இருமடங்காக இருந்தது. தகரக் கூரையின்கீழ் நிற்கும் பெண் தான் கருவுற்றிருப்பதைச் சொன்னால்தானே நிழலான இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம்? அதே வேளை, சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சமும் பொய்யன்று. கருவுற்றதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கச் சட்டம் இடந்தரவில்லை. முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாளாவது இ.எஸ்.ஐ. பங்களிப்புச் செலுத்தப்பட்டிருந்தால், முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. ஒப்பந்தக்காரர் தம் பெயரை உண்மையாகவே பதிந்திருக்கிறாரா என்பதை மணமான பெண்கள் முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்வது நலம். நமது அன்பியத்தார் இருவர் அவளோடு சென்று மேற்பார்வையாளரிடம் பேசினர். அமர்ந்து செய்யும் வேலைக்கு அவள் மாற்றப்பட்டாள். நான்காம் மாதம் முதல் இரும்புச்சத்து மாத்திரைகளும், பின்னர் மருத்துவர் சொன்னபடி டிரிப்பாகவும் ஏற்றப்பட்டு, எட்டாம் மாதத்தில் 10.6-ஐ எட்டினாள்.

எல்லாக் கதைகளும் இவ்வாறு முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், மூச்சில்லாமல் பிறந்த ஒரு குழந்தையை அடக்கம் செய்ய நாம் அழைக்கப்பட்டோம். தந்தை அதை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றித் தம் கைகளிலேயே சுமந்து வந்தார். அக்குடும்பம் ஆறாம் மாதத்தில்தான் முதன்முதலாக மருத்துவரைக் கண்டிருந்தது. அப்போதே இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. முன்னரே வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். தொடக்கத்தில் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருந்தால், இது பழைய நோயா, கருவுற்றபின் வந்ததா என்று உடனே புரிந்திருக்கும் என்று மட்டும் அவர் கூறினார். அத்தாயின் அட்டையை அவர்கள் நமக்குக் காட்டினர். முதல் கட்டங்கள் எழுதப்படாமல் வெறுமையாக இருந்தன.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி அது 99.6 விழுக்காடு, இது பெருமைக்குரியதே. ஆனால் அதே ஆய்வில், முதல் மூன்று மாதத்திற்குள் பரிசோதனைக்குச் சென்ற தாய்மார் 77.4 விழுக்காடுதான். பிரசவத்திற்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்பதை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. தொடக்கத்திற்கும் வேண்டும் என்பதை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

மௌனத்திற்கு மற்றொரு விலையும் உண்டு. அறியப்படும் கருத்தரிப்புகளில் பத்தில் ஒன்றேனும் தொடக்க மாதங்களில் கலைந்துவிடுகிறது. அவற்றுள் பெரும்பகுதிக்குக் காரணம் கருவின் நிறப்புரிகளில் நேரும் குறையே அன்றி, தாய் குனிந்ததோ, நடந்ததோ, பப்பாளி உண்டதோ அன்று. ஒருவருக்கும் சொல்லாதிருந்த பெண், இழந்ததையும் ஒருவருக்கும் சொல்ல இயலாமல், தன்மேலே பழி சுமந்து, மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்புகிறாள். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வருகின்ற பெண்கள் பாவமே அல்லாத இந்த இழப்பைப் பாவமாக எண்ணிக் கலங்குவதைக் குருக்கள் பலர் அறிவர். அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடுமையான வலி, இரத்தப்போக்கு, நீர்கூடத் தங்காத வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். அந்த இரவில் அழைப்பதற்கும் செய்தி அறிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும் அன்றோ?

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் தியானிக்கும்போது நமக்கு ஒன்று தோன்றுவதுண்டு. முதிர்ந்த வயதில் கருவுற்ற எலிசபெத்து ஐந்து மாதம் பிறர் கண்ணுக்கு மறைந்திருந்தார். இளம்பெண்ணான மரியாவோ, செய்தி பெற்ற உடனே மலைநாட்டுக்கு விரைந்து, மூத்த உறவினர் ஒருத்தியின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். மரியா எலிசபெத்துக்குப் பணிவிடை செய்யச் சென்றார் என்று நாம் வழக்கமாகப் போதிக்கிறோம், அது சரியே. ஆயினும் அந்த முதல் மூன்று மாதங்கள் மரியாவுக்கும் முதல் மாதங்களே. ஊருக்குச் சொல்லாத ஒன்றை, புரிந்துகொள்ளக்கூடிய ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அவர் எடுத்துச் சென்றார். மறைவும் துணையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

திருச்சபையும் இவ்வழியில் படிப்படியாகவே நடந்து வந்தது. ஒரு காலத்தில் துறவறச் சகோதரியர் மகப்பேறு மருத்துவம் செய்ய அனுமதி இல்லை. ஆண் மருத்துவரிடம் காட்ட விரும்பாத இந்தியப் பெண்கள் உதவியின்றி மாள்வதைக் கண்ட ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன் உரோமைக்குப் பலமுறை முறையிட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் குண்டூருக்கு வந்த மருத்துவர் மேரி குளோரி, தனி அனுமதி பெற்றுத் துறவியாகவும் மருத்துவராகவும் அங்கே தாய்மார்க்குப் பணியாற்றினார். 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் வெளியான உரோமை அறிக்கைதான் அத்தடையைப் பொதுவாக நீக்கியது. வழக்கம் நல்லெண்ணத்தோடு பிறந்ததாயினும், உயிர் காக்கத் தடையானபோது அது மாற்றப்பட்டது. குடும்ப வழக்கத்திற்கும் இது பொருந்தும்.

வாசக அன்பர்களே, நமது பங்கில் திருமணத் தயாரிப்பு வகுப்பில் இப்போது அரைமணி நேரம் சுகாதாரச் செவிலியர் ஒருவர் பேசுகிறார். ஃபோலிக் அமிலம், பதிவு எண், தேதி குறித்தல் என மூன்றைப் பற்றியும் மணமாகும் முன்பே இருவரும் அறிந்துகொள்கின்றனர். கண் பரிசோதனைக்கும் காய்ச்சலுக்கும் முகாம் நடத்தும் பங்குகள் இதையும் செய்யலாம். செலவு ஏதும் இல்லை. ஒவ்வோர் அன்பியத்திலும் நம்பத்தக்க ஒரு சகோதரியின் பெயரைப் புதுமணத் தம்பதியருக்குச் சொல்லிவைக்கலாம். அவர் மருத்துவர் ஆகவேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு முற்பகல் உடன் செல்லவும், கேட்டதை வெளியே சொல்லாதிருக்கவும் தெரிந்தவராயிருந்தால் போதும்.

ஊரிலிருக்கும் தாய்மாரிடமும் மாமியாரிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. மூன்று மாதம் ஊருக்குச் சொல்லவேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அதே அழைப்பில், "நாளைக்கே நர்ஸம்மாவைப் போய்ப் பார்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.